மெக்கில்லிவ்ரே என்று எழுதத் தெரியாத ஊர்

தேன்கொம்பை பேருந்து நிறுத்தத்துக்கு மேலே, மேகம் விலகினால் தேயிலையும் தேயிலைக்கு மேல் மறுபடி மேகமும் மட்டுமே தெரிகிற கோமளா லாட்ஜின் மாடி அறையில், ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த இசபெல் மெக்கில்லிவ்ரே என்ற அம்மாள் ஒருவராகப் படுத்து இரண்டு பேராக எழுந்த காலையில், லாட்ஜ்காரி கோமளா செய்த முதல் காரியம் இன்னொரு தம்ளரை எடுத்துக் கழுவியதுதான்.

முந்தின நாள் மதியப் பேருந்தில்தான் அவர் வந்து இறங்கியிருந்தார். அறுபதைத் தாண்டிய நெட்டையான அம்மாள். அவர் ஊரில் ஒரு பல் டாக்டரிடம் காலமெல்லாம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்கள் போடுகிற மாதிரி ஒரு மழைக்கோட்டு, அதன் பையில் எப்போதும் ஒரு பேனா. உலகத்தில் எங்கே போனாலும் யாராவது அவருடைய குடும்பப் பெயரைத் தப்பாக எழுதிவிடுவார்கள், அவர் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்துத் திருத்திவிடுவார், திருத்திய பிறகுதான் வணக்கமே சொல்லுவார். அப்படிப்பட்டவர் வருகிறார் என்று தெரியாமல் எங்கள் சர்ச் கமிட்டி அவரை வரவேற்க ஒரு பேனர் வைக்கச் சொல்லியிருந்தது. பேனர் அடித்தவர் சிராஜுதீன். போதகர் ஞானாபரணம் போனில் சொன்ன பெயரை, ஒரு காதில் போனும் மறு காதில் ஜெனரேட்டர் சத்தமுமாகக் கேட்டு, தன் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே, 'மாக்கிளிவாரி அம்மையாரே வருக! வருக!' என்று அடித்துப் பேருந்து நிறுத்தத்தில் கட்டிவிட்டார். அம்மாளின் படம் கிடைக்காததால் அந்த இடத்தில் ஒரு அன்னப்பறவை இருந்தது, அதைச் சுற்றிக் கமிட்டி உறுப்பினர்கள் எல்லோரும் செல்போன் பேசுவது போல இருந்தார்கள்.

அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று போதகரைக் கேட்டார். போதகர் பொய் சொல்லாத மனிதர், உள்ளதை உள்ளபடி படித்துக் காட்டினார். அம்மாளின் கை தன்னால் கோட்டுப் பைக்குள் போனது, பேனா வெளியே வந்தது, ஆனால் பேனர் இருந்த உயரத்துக்கு அவருடைய நெட்டையும் போதவில்லை.

"நாளைக்கு மாத்திடறேன் மேடம்" என்றார் சிராஜுதீன். அவர் எல்லோரிடமும் எப்போதும் சொல்கிற வார்த்தை அது.

அம்மாள் வந்த காரியம் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. பாசியைச் சுரண்டிக் கல்லைக் கண்டுபிடித்தபோது போதகர்தான் உடனிருந்தார். யூவன் என்ற பெயர், அதற்குப் பின்னால் அம்மாளின் குடும்பப் பெயர், ஆனால் ஓர் எழுத்து குறைவாகவும் வேறோர் எழுத்து இடம் மாறியும் இருந்தது. அங்கேயே ஈரக் கல் மேல் உட்கார்ந்து அம்மாள் போதகரிடம் கதையைச் சொன்னார். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பெயர் என்பது வாயில் இருந்தது, எழுத்தில் இல்லை. மலைக்காரர்கள் தங்கள் பாஷையில் பெயரைச் சொல்ல, அந்தப் பாஷை தெரியாத எழுத்தர் தன் காதுக்கு எட்டியதை எழுதிக்கொண்டார். அண்ணன் ஒரு சர்ச்சில் போய்ச் சொன்னான், தம்பி மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு சர்ச்சில் போய்ச் சொன்னான். இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாததால் சண்டை வரவில்லை. படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் வந்தார்கள், என் எழுத்துதான் சரி உன் எழுத்து தப்பு என்று ஆரம்பித்தார்கள், ஒரே ரத்தம் ஏழெட்டுக் குடும்பமாகச் சிதறியது. அம்மாளின் அப்பா பெயரில் இரண்டு 'எல்' போடுவார். அவருடைய சித்தப்பா ஒரே 'எல்' போடுவார். இந்த ஓர் எழுத்துக்காக இரண்டு பேரும் ஒருவர் சாவுக்கு ஒருவர் போகவில்லை. அம்மாளின் தம்பி ஹெக்டர் போன வருஷம் இறந்த பிறகு, எந்த எழுத்தில் எழுதினாலும் அந்தக் கிளையில் மிச்சமிருந்தது இவர் ஒருவர்தான். அதனால்தான் ஒவ்வொரு எழுத்துப் பிழையாகப் பிடித்துக்கொண்டு, தப்பாக எழுதப்பட்ட உறவினர் எவராவது எங்காவது இருக்கிறாரா என்று தேடிக்கொண்டே வந்து, கடைசியில் எங்கள் மலைக்கு வந்திருந்தார்.

யூவன் தேயிலை போட வந்தவன். காய்ச்சலில் போய்விட்டான். இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. கல்லிலேயே எழுதியிருந்தது.

"அவ்வளவுதான்" என்றார் அம்மாள். மறுநாள் காலைப் பேருந்தில் கிளம்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

காலையில் இரண்டாமவள் முதலில் படியிறங்கி வந்தாள். அதே முகம், அதே உயரம், அதே நரைத்த செம்பட்டை முடி. "அக்கா, எனக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போடுங்க" என்றாள். பின்னால் வந்த இசபெல் அம்மாள் நடுப்படியில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இங்கிலீஷில், நீ யார் என்று கேட்டார்.

"மாக்கிளிவாரி" என்றாள் அவள், ஜன்னல் வழியாகப் பேனரைக் காட்டி.

"அது எழுத்துப் பிழை."

"உங்களுக்குப் பிழை. எனக்கு அதுதான் பேரு."

தமிழ் எழுத்தில் பிறந்தவள் என்பதால் அவளுக்குத் தமிழ் வந்தது, அம்மாளிடமிருந்து பிரிந்தவள் என்பதால் இங்கிலீஷும் வந்தது. இரண்டிலும் ஓயாமல் பேசினாள். பெயரில் வாரி இருந்ததாலோ என்னவோ, கையில் எது கிடைத்தாலும் வாரிக் கொடுத்தாள்; அன்று மதியத்துக்குள் கோமளாவின் குடை மளிகைக்காரரிடமும், லாட்ஜின் இரண்டு போர்வைகள் பேருந்து நிறுத்தத்தில் படுத்திருந்தவரிடமும் போய்விட்டன. ஊரில் அவளைக் கிளிவாரி என்று கூப்பிட ஆரம்பித்தோம். எப்படி வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை நாள் இருப்பாள் என்றுதான் கேட்டோம், வருகிற எல்லோரிடமும் கேட்பது போல.

இசபெல் அம்மாள் காலைப் பேருந்தில் போகவில்லை. கிளிவாரி மொழிபெயர்க்க, அடுப்படியில் உட்கார்ந்து கோமளாவிடம் பேசிக்கொண்டிருந்தார். பெயர் அற்றுப் போவதைப் பற்றி அவர் சொன்னது கோமளாவுக்குப் பிடிபடவே இல்லை.

"பேரு போனா என்னங்கறேன்" என்றாள் கோமளா வெங்காயம் உரித்துக்கொண்டே. "எங்கப்பா பேரு எனக்கு ஒரே ஒரு எழுத்து. கல்யாணம் ஆனதும் அந்த எழுத்து போய் அவரு எழுத்து வந்துச்சு. அவரும் போனப்புறம் போர்டுல வெறும் கோமளாதான். எங்க தாத்தாவுக்குத் தாத்தா பேரு இந்த ஊர்ல ஒருத்தருக்குத் தெரியாது, எனக்கே தெரியாது. அதுக்காக மழை பெய்யாம இருக்கா?"

கிளிவாரி அதை இங்கிலீஷில் சொன்னாள். அம்மாள் பேச ஆரம்பித்தார். கிளிவாரி கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

"அவங்க என்ன சொல்றாங்கன்னா, பேரை யாராவது தப்பா எழுதினா அவங்க வீட்ல எல்லாருமாச் சேர்ந்து கோபப்படுவாங்களாம். அப்பா கத்துவாராம், அம்மா கேலி பண்ணுவாங்களாம், தம்பி மேசையத் தட்டுவாராம். ராத்திரிச் சாப்பாடே அதுல போயிருமாம். தம்பியப் புதைக்கற அன்னைக்குப் பாதிரியார் பேரைத் தப்பாச் சொன்னாராம். சொன்னதும் பழக்கத்துல திரும்பிப் பாத்தாங்களாம்." கிளிவாரி அடுத்ததையும் கேட்டுச் சொன்னாள். "கூடச் சேர்ந்து கோபப்பட ஒரு ஆள் இல்லியாம்."

மொழிபெயர்த்தவள்தான் முதலில் அழுதாள். அழுதுகொண்டே கோமளாவின் புதுத் துண்டை எடுத்து, மூக்கைச் சிந்தி, வாசலில் கீரை விற்றவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அம்மாளுக்காகக் கேக் வெட்டினார்கள். பேக்கரி தாசன் கேக்கின் மேல் கிரீமில் பெயரை எழுதும்போது ஓரத்துக்கு வந்துவிட்டதால் எழுத்துகளை நெருக்கிப் போட, பெயர் 'முக்காலிவரே' என்று முடிந்தது. அதை யாரும் கவனிப்பதற்குள் சபை முழுவதும் கேக்கைத் தின்றுவிட்டது. திங்கட்கிழமை காலை லாட்ஜ் வராந்தாவின் பிரம்பு நாற்காலியில் மூன்றாமவள் உட்கார்ந்திருந்தாள். அவள் வேறெதுவும் செய்யவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். டீயை உட்கார்ந்த இடத்துக்கு வாங்கிக்கொண்டாள், வெயில் நகர்ந்தால் நாற்காலியோடு நகர்ந்தாள். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் அவளிடம் மூட்டை முடிச்சைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள், அந்த வகையில் ஊருக்கு உபயோகமாகவே இருந்தாள்.

போதகர் பதறிப் போய், தயவுசெய்து எல்லோரும் அம்மையாரின் பெயரைச் சரியாக எழுதுங்கள் என்று சபையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். செய்தியில் பெயரைச் சரியாகத்தான் அடித்தார். போன் அதை ஒப்புக்கொள்ளாமல், தனக்குத் தெரிந்த சொல்லாக்கி, 'மக்களவை' என்று அனுப்பியது. நாலாமவள் விடியும்போதே குளித்து, கோமளாவின் வெள்ளைச் சேலையை உடுத்தி, லாட்ஜ் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து ஊர்க்காரர்களின் குறைகளைக் கேட்க ஆரம்பித்தாள். குழாயில் தண்ணீர் வராதது, ரோட்டில் பள்ளம், பக்கத்து வீட்டுக் கோழி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, "இது அவையின் கவனத்துக்குக் கொண்டுவரப்படும்" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு நெஞ்சில் பாரம் குறைந்தது. சிலர் குறை இல்லாத நாட்களிலும் போய் வரிசையில் நின்றார்கள்.

ஐந்தாமவள் பள்ளிக்கூடத்தில் பிறந்தாள். தமிழாசிரியர் புலவர் இளவழுதி, கல்யாணமே வேண்டாம் என்று ஐம்பத்தெட்டு வயது வரை இருந்தவர், அம்மாளைப் பிள்ளைகளிடம் பேச அழைத்திருந்தார். பெயரின் பொருள் என்ன என்று கேட்டார். மெக் என்றால் மகன் என்று அம்மாள் சொன்னதும் புலவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மகன், மக், மெக்! கேட்டவுடன் விளங்கவில்லையா? கடல் கடந்து போன நம் சொல் அம்மா இது! ஆயிரக்கணக்கான மைல் போய்த் தேய்ந்து, இன்று ஊர் திரும்பியிருக்கிறது!"

"இல்லை, இது எங்கள் மலைப்பாஷை" என்றார் அம்மாள்.

"உங்களுக்குத் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை" என்று புலவர் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு, தமிழுக்கு ஆகாத ஒலிகளைக் களைந்து, கரும்பலகையில் 'மகிழ்வரை அம்மையார்' என்று எழுதினார். மறுநாள் வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள். எதைப் பார்த்தாலும் சிரித்தாள். மழையைப் பார்த்து, எஸ்.ஐ. பூபாலனின் தொப்பியைப் பார்த்து, முக்கியமாகப் புலவரைப் பார்த்து. தன் வாழ்நாளில் தன்னைப் பார்த்து யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று புலவர் மிரண்டார், இரண்டு வாரம் யோசித்தார், பிறகு சர்ச்சில் மோதிரமும் தன் வீட்டில் தாலியுமாகக் கல்யாணம் செய்துகொண்டார். பத்திரிகை அடிக்க சிராஜுதீன் கேட்டபோது ஊரே கும்பிட்டுத் தடுத்தது. எல்லோரையும் வாயால்தான் அழைத்தார்கள்.

அதற்குள் ஊர் எச்சரிக்கையாகிவிட்டது. தையல்காரர் அம்மாளின் துணியில் பெயர் குறிக்காமல் பொத்தான் ஒன்றைத் தைத்து அடையாளம் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி நர்ஸ் சீட்டில் எழுத மறுத்து, வாசலுக்கே வந்து விரலைக் காட்டிக் கூப்பிட்டாள். ஆனால் ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள். கொழுந்து பறிக்க ஆள் கிடைக்காத எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர், கொட்டகைச் சுவர் முழுவதும் அந்தப் பெயரை இருபது விதத்தில் வேண்டுமென்றே பிழையாக எழுதிவிட்டுக் கூடைகளோடு காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. தெரிந்து செய்த பிழையில் யாரும் பிறக்க மாட்டார்கள் என்று அன்று எங்களுக்குத் தெரிந்தது. சரியாக எழுதவேண்டும் என்று மனதார நினைத்துத் தப்பாக எழுதினால்தான் வருவார்கள்.

இசபெல் அம்மாள் மூன்று வேளையும் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துச் சாப்பிட விரும்பினார். நடக்கவில்லை. கிளிவாரிக்கும் முக்காலிக்கும் ஆகாமல் போயிற்று. நம் பெயரில் வருவது 'ளி' என்றாள் கிளிவாரி. 'லி'தான் என்றாள் முக்காலி. கிளிவாரி கத்தினாள், முக்காலி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். மக்களவை இரு தரப்பையும் விசாரித்துத் தீர்ப்பை ஒத்திவைத்தாள். ஊரும் இரண்டானது, பேக்கரிக்காரர்கள் 'லி', சிராஜுதீனின் ஆட்கள் 'ளி'. இசபெல் அம்மாள் கோமளாவின் அடுப்படிக்கு வந்து, கண்ணில் நீர் வர, ஆனால் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி எதையோ சொன்னார். மொழிபெயர்க்க வேண்டியவள் வெளியே சண்டையில் இருந்தாள். "ஃபாதர், அங்கிள்" என்ற இரண்டு சொல் மட்டும் கோமளாவுக்குப் புரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

இப்படி இருக்கும்போது விசா முடிகிற நாள் நெருங்கியது. மாவட்டத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி எஸ்.ஐ. பூபாலனுடன் லாட்ஜுக்கு வந்தார். பாஸ்போர்ட் ஒன்று, ஆள் ஐந்து. அவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, கணக்குதான் உதைத்தது.

"எழுத்துப் பிழையில வந்தவங்கதானே?" என்றார். "பிழையைத் திருத்துங்க. திருத்தினாச் சரியாப் போயிரும். எங்க ஆபீஸ்ல தினமும் செய்யற வேலைதான்."

பேனரிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று முடிவாகி, சிராஜுதீனின் கடைக்கு ஆள் போனது. புலவர் மட்டும் அதிகாரியை விடவில்லை. தான் எழுதியது பிழையே இல்லை, அதுதான் அந்தப் பெயரின் மூல வடிவம், மற்ற உலகம்தான் பிழையாக எழுதுகிறது என்று ஆதாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மகிழ்வரை பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கிளிவாரி பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்தி நாங்கள் கேட்டதில்லை என்பதால் கோமளா திரும்பிப் பார்த்தாள். கிளிவாரியின் கை வழியாகத் தேய்த்து வைத்த குண்டான் தெரிந்தது.

"அக்கா" என்றாள் மெல்ல. "யாரோ என்னைத் திருத்தறாங்க."

கோமளா இசபெல் அம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள், கையைக் காட்டினாள், கீழே கடையைக் காட்டினாள். எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை. மழைக்கோட்டை மறந்து, செருப்பை மறந்து, அந்த வயதில், அந்தச் சரிவில், இசபெல் மெக்கில்லிவ்ரே ஓடியதைப் பேருந்து நிறுத்தத்தில் இருந்த எல்லோரும் பார்த்தோம். சிராஜுதீன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, போதகர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பெயரைச் சரியாக அடித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஓர் எழுத்துதான் பாக்கி.

"திருத்தாதே!" என்று கத்தினார் அம்மாள். கிளிவாரி சற்றுமுன் சொன்ன சொல்லிலிருந்து எடுத்ததோ, எங்கிருந்து எடுத்ததோ, தமிழில் அவர் சொன்ன முதல் சொல் அது.

சிராஜுதீன் கையை எடுத்தார். "சரிங்க மேடம். பழையபடி தப்பாவே போட்டுடறேன்" என்றவர் திகைத்துப் போனார். "எப்படித் தப்பாப் போட்டேன்னு ஞாபகம் இல்லையே! பேனரைப் பாத்துப் போட்டாலும், யோசிச்சுப் போட்டாலும் அது தெரிஞ்சு செய்யற தப்பாயிரும். வேலைக்கு ஆகாது."

மேலே ஜன்னலிலிருந்து, "முழங்கை வரைக்கும் போச்சு!" என்று கோமளா கத்தினாள்.

இசபெல் அம்மாள் திரையைப் பார்த்தார். அந்தப் பெயரின் மிகச் சரியான வடிவம், ஓர் எழுத்துக் குறைவாக, அங்கே நின்றுகொண்டிருந்தது. அவர் குனிந்து அதை அழித்தார், ஒன்றும் மிச்சமில்லாமல். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு சிராஜுதீனுக்கு நேரெதிரே உட்கார்ந்து, போதகரிடம் இங்கிலீஷில் சொன்னதைப் போதகர் தமிழில் சொன்னார்: "நான் பெயரைச் சொல்கிறேன். நீ கேள். உன் காதில் எப்படி விழுகிறதோ அப்படி எழுது. வேறெதையும் நினைக்காதே."

வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாள் பெயரைச் சொன்னார். அப்பா தோளில் தூக்கிக்கொண்டு சொன்ன மாதிரி, எழுத்தைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில் அந்த மலையில் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்ட மாதிரி, நீட்டி, மெதுவாக, ஒரே ஒரு முறை. சிராஜுதீன் கண்ணை மூடிக்கொண்டு, தன்னால் முடிந்தவரை கவனமாகக் கேட்டார். கேட்டதை அடித்தார். கண்ணைத் திறந்தார்.

மாக்கிளிவாரி.

"சரியாங்க மேடம்?" என்றார் பயந்துகொண்டே.

மேலே அடுப்படியில் ஒரு குண்டான் டமாரென்று விழுந்தது, அதைத் தொடர்ந்து யார் குண்டானை இப்படி வழியில் வைத்தது, இந்த வீட்டில் ஒரு பொருள் ஒழுங்காக ஓர் இடத்தில் இருக்கிறதா என்று பேச்சு ஆரம்பித்து, பேருந்து நிறுத்தம் வரைக்கும் கேட்டது. இசபெல் அம்மாள் சிராஜுதீனின் தலையில் கை வைத்து, "சரி" என்றார்.

அதிகாரி சாயங்காலம் வரை இருந்தார். மேகம் இறங்கி ரோட்டை மூடத் தொடங்கியதும், "பூபாலன், வந்தது ஒண்ணு, போறதும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

எஸ்.ஐ. அந்த வாக்கியத்தை இரண்டு டீ குடிக்கும் வரை யோசித்தார். "மேடம்" என்றார் கடைசியில். "ஒருத்தர் போகணும்னு சொல்லிருக்காரு. இன்னார் போகணும்னு சொல்லல."

இசபெல் அம்மாள் வராந்தாவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். கிளிவாரி போனால் வழியிலேயே பாஸ்போர்ட்டை யாருக்காவது கொடுத்துவிடுவாள். மக்களவைக்கு வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். மகிழ்வரை கல்யாணமானவள். முக்காலி மட்டும்தான் மிச்சம். தவிரவும் அவளுடைய பெயரை எந்த ஊர் ஆபீசரும் திருத்த முடியாது. அது சபையாரின் வயிற்றில் என்றோ செரித்துப் போயிருந்தது.

"விமானத்துல எவ்வளவு நேரம் உக்காரணும்?" என்று கேட்டாள் முக்காலி.

"ஒரு நாள் முழுக்க ஆகும்" என்றார் போதகர்.

"நடுவுல எந்திரிக்கச் சொல்லுவாங்களா?"

"உக்காருங்க உக்காருங்கன்னுதான் சொல்லுவாங்க."

"அங்க வீட்ல?"

இசபெல் அம்மாள் சொல்ல, கிளிவாரி வேண்டா வெறுப்பாக, 'லி'க்காரியின் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தாள்: ஜன்னலோரம் ஹெக்டரின் நாற்காலி இருக்கிறது, மெத்தை வைத்தது, அதில் உட்கார்ந்தால் கடல் தெரியும், போன வருஷத்திலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை.

"அப்ப நான் போறேன்" என்றாள் முக்காலி. அம்மாளின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, அம்மாளின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டு, காலைப் பேருந்தில் ஜன்னலோர இடத்தில் போய் உட்கார்ந்தாள். பேருந்து கிளம்பும் நேரத்தில் கிளிவாரி ஓடிப் போய், தன் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் திணித்தாள். "லின்னே வச்சுக்கடி. போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றாள். எஸ்.ஐ. பூபாலன் ஒன்று என்று எண்ணிச் சல்யூட் அடித்தார்.

அன்றிலிருந்து அரசாங்கக் கணக்கில் இசபெல் மெக்கில்லிவ்ரே நாட்டை விட்டுப் போனவர். எங்கள் ஊரில் அவர் மாடி அறையிலிருந்து கீழே கோமளாவின் அறைக்குப் பக்கத்து அறைக்கு வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். கோமளா அவரை இசபெல்லு என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவருக்கும் ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழ் சேர்ந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் கிளிவாரி அம்மாளுக்கு இருந்த ஒரே ஸ்வெட்டரைக் கண்டக்டருக்குக் கொடுத்துவிட்டாள். மக்களவை, கோழி வழக்கில் இரு தரப்பையும் சமாதானத்துக்காக வரச்சொல்லி, அம்மாளின் அறையில் கோழியோடு உட்கார வைத்திருந்தாள். புலவர் மாப்பிள்ளை முறுக்கோடு வந்து, தலைதீபாவளிக்குத் தனக்கு வேட்டி எடுத்துத் தரவேண்டியது மாமியார் வீடா மைத்துனி வீடா, அதற்கும் முன்னால் இசபெல் தனக்கு எது, மாமியாரா மைத்துனியா என்று கேட்டுக்கொண்டிருக்க, மகிழ்வரை பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஸ்காட்லாந்திலிருந்து முக்காலி வீடியோவில் வந்து, குளிருகிறது, ஹீட்டர் ஸ்விட்ச் எழுந்து போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது, இதற்கு என்ன வழி என்று கேட்டாள். கிளிவாரி போனைப் பிடுங்கி, எழுந்து போய்த்தான் போடேன்டி என்று கத்த, கோழி மிரண்டு கட்டில் மேல் பறந்தது.

இசபெல் அம்மாள் அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினார். பலகையை இழுத்துப் போட்டுக் கோமளாவின் எதிரில் உட்கார்ந்தார். தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"கோமளா" என்றார், ஒவ்வொரு சொல்லாக, ஒரு பிழை இல்லாமல். "சொந்தக்காரங்க தொல்லை தாங்க முடியல."

கோமளா அரிவாள்மணையை ஒதுக்கி இடம் விட்டு, அவர் பக்கம் ஒரு கூறு பூண்டைத் தள்ளினாள், உரிக்கச் சொல்லி.